வலப்பக்கத்துக் கீறல்

அப்துமன்னான் தன் மனைவியை "இல்ஹாம்" என்றுதான் கூப்பிடுவார். இல்ஹாம் அவர்களுடைய மகனின் பேர். கட்டியவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் பேர்தான் தாய்க்கும். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவர் தொண்டையைக் கனைத்தே காலம் தள்ளினார். மகன் வீட்டில் இருந்த நாளில் முற்றத்தில் நின்று "இல்ஹாம்" என்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் ஓடி வருவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இழுத்துக் கூப்பிட்டால் மகன், வெட்டிக் கூப்பிட்டால் மனைவி. அது அந்த வீட்டுக் கோழிகளுக்குக்கூடத் தெரியும்.

அவளுடைய சொந்தப் பேர் தாஜினிசா. தட்டு வனையும் யூல்தாஷின் அண்ணன் மகள். தாய் ஒல்தியாரிக் என்கிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வெள்ளரிக்காய் விளைவித்த குடும்பம். அந்தத் தாயின் தங்கையைத்தான் சாதிக்கின் பெரியப்பாவுக்குக் கொடுத்திருந்தது. ஆகவே எதிர்வீட்டு சாதிக் அவளுக்குத் தூரத்துத் தம்பி முறை. எங்கள் ஊர் ரிஷ்தானில் பாதிப் பேர் மண் பிசைகிறவர்கள், மீதிப் பாதி அதில் பூப்போடுகிறவர்கள். தாஜினிசாவும் பட்டறையில் உட்கார்ந்து தட்டுக்கு நீலப்பூப் போட்டவள்தான். முதுகு விட்டுப்போன பிறகு தூரிகையைக் கழுவிக் காயவைத்து, ஜன்னல் மேல் செருகிவிட்டு, வீட்டோடு இருந்துவிட்டாள்.

அப்துமன்னான் பருத்தி லாரி ஓட்டியவர். பனி விழுகிற மாதத்தில் கம்சிக் கணவாயில் மற்றவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதுகொண்டிருக்கும்போது இவர் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குவார் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்றபோது லாரியில் ஒரு கீறல் இல்லை. மகன் எல்லை தாண்டிச் சமாராவுக்குக் கட்டட வேலைக்குப் போய், கை கொஞ்சம் நிமிர்ந்ததும் அப்பாவுக்கு ஒரு வெள்ளை நெக்ஸியா கார் வாங்கிக் கொடுத்தான். வண்டி வந்த அன்று இசிரிக் செடியைக் கொளுத்திப் புகை காட்டி, சேவல் அறுத்து, தெருவுக்கே பலாவ் போட்டார்கள்.

எங்கள் ஊரில் வண்டி பார்க்க வருகிறவன் எஞ்சினைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பெயின்ட் பட்டிருக்கா?" தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தால் அந்த வண்டிக்கு மரியாதையே தனி. ஒரு கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்தது தெரிந்தால் போதும், இருமுகிற மாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்துமன்னான் வண்டியை விற்கப் போகிறவர் இல்லை. இருந்தாலும் சாய்கானா என்கிற தேநீர்க்கடையில் கிண்ணம் ஆறுகிற வரைக்கும் இந்தப் பேச்சுத்தான்.

"என் வண்டியில கம்பெனி பெயின்ட் தவிர ஒரு சொட்டு ஏறினதில்ல. காட்டுங்கடா பார்ப்போம் இன்னொரு வண்டிய!"

வியாழக்கிழமை வந்தால் வாளியும் துணியுமாகத் தன் கையாலேயே கழுவுவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

முசுக்கட்டைப் பழம் உதிர்கிற காலம் அது. வண்டி நிற்கிற இடத்துக்கும் மாட்டுத்தொழுவச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து. வண்டியின் வலப்பக்கம் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் எப்போதும் நிற்கும். எங்கள் ஊர் வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் ஓட்டுகிறவர் அந்தப் பக்கமாக இறங்கி நேரே வீட்டுக்குள் போய்விடலாம். பழக்கறை ஊறினால் பெயின்ட்டைத் தின்றுவிடுமே என்று துடைக்கப் போன தாஜினிசா, வலப்பக்கத்துப் பின்கதவில் முழ நீளத்துக்கு ஒரு பச்சைக் கோடு இழுத்திருப்பதைப் பார்த்தாள். அவர்கள் வீட்டு வெளி இரும்புக் கதவின் அதே பச்சை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடத்தைத் தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிற மனுஷன் இவர். இடித்தது தெரிந்திருந்தால் நேற்று வீடு இரண்டுபட்டிருக்கும். நேற்றோ வண்டியை உள்ளே விட்டுவிட்டு, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அந்த இரும்புக் கதவு தரையில் உரசிக் கிறீச்சிடுவது அந்த வீட்டுக்குப் பழகிப்போன சத்தம். அதோடு இன்னொரு கிறீச் சேர்ந்துகொண்டால் யார் காதில் விழும்?

மறுநாள் காலை தேநீரை ஊற்றி, கிண்ணத்தை வேண்டுமென்றே அவருக்கு வலப்பக்கமாக வைத்தாள். அவர் பருத்தி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு, "டீ எங்க?" என்றார்.

"வச்சேனேங்க."

கை துழாவியது. கிண்ணம் கவிழ்ந்தது.

"கண்ட இடத்துல வைக்கிற."

"ஆமாங்க, என் தப்புதான்" என்று அவள் துடைத்தாள். அன்றிலிருந்து கிண்ணம் அவருக்கு இடப்பக்கம் போயிற்று. ரொட்டியும் இடப்பக்கம் போயிற்று. தானும் இடப்பக்கமே உட்கார்ந்தாள்.

நேரே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அவருடைய தகப்பனார் அப்துரஹீமுக்கு இப்படித்தான் ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. வீட்டார் அன்போடுதான் செய்தார்கள். முதலில் கையிலிருந்த கத்தியை வாங்கினார்கள், அப்புறம் மண்வெட்டியை வாங்கினார்கள், அப்புறம் சந்தைக்குப் போகிற பையை வாங்கினார்கள். கடைசியில் அவரையே காலையில் வெயிலில் தூக்கி வைத்து, மத்தியானம் நிழலுக்கு மாற்றி வைத்தார்கள். தகப்பனாரை அடக்கம் செய்த அன்று அப்துமன்னான் மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னார். "அப்பா கண்ணு போயிச் சாகல. கையில ஒண்ணும் இல்லாமப் போயிச் செத்தாரு." அந்த வார்த்தை தாஜினிசாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இவர் கையில் இருப்பது ஒரு சாவி. அதை வாங்க அவளுக்குக் கை வரவில்லை.

வியாழக்கிழமைக்குள் அந்தப் பச்சைக் கோட்டை இல்லாமல் செய்துவிட வேண்டும். விடியற்காலைத் தொழுகைக்குப் போகிறவர், சாய்கானாவில் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, வெயில் ஏறத்தான் திரும்புவார். அந்த நேரம் அவளுடையது. முதல் நாள் பற்பசையைத் துணியில் தடவித் தேய்த்தாள். கோடு வாசமாக இருந்ததே தவிர மறையவில்லை. மறுநாள் மருமகள் நஃபோசத்தின் வெள்ளை நகப்பூச்சை எடுத்துத் தடவினாள். காய்ந்ததும் அது பல்லில் ஒட்டிய சுண்ணாம்பு மாதிரித் தனியாக நின்றது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கால்வாயைத் தாண்டி சாதிக் வீட்டுக்குப் போனாள். சாதிக் கார்களுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறவன். வீட்டுக் கொட்டகைதான் பட்டறை.

"தம்பி, ஒரு கீறல் போகணும். வீட்டுலயே செய்யற மாதிரி சொல்லு."

"நகத்த வச்சு குறுக்க இழுத்துப் பாருங்கக்கா. நகம் மாட்டலன்னா பாலீஷ் போதும். மாட்டுச்சுன்னா பெயின்ட் உள்ள இறங்கணும்."

"மாட்டுது."

"எந்த வண்டி?"

"எங்க வண்டிதான்."

சாதிக் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தான். "அண்ணன் வண்டியிலயா? யாரு இடிச்சது?"

"வெளிக்கதவு."

"கதவு நடந்து வந்து இடிச்சுதாக்கும்?"

தாஜினிசா முக்காட்டு நுனியை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். சாதிக்குக்குக் கண் விரிந்தது.

"அக்கா! நீங்க ஓட்டிப் பார்த்தீங்களா? அண்ணன் பள்ளிவாசல் போன நேரத்துலயா? அடி ஆத்தாடி!"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் யார் என்பது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெண் வாயை மூடிக்கொண்டால் ஆமாம் என்றுதான் அர்த்தம்.

"யாருட்டயும் சொல்லிடாதே, தம்பி."

"என் வாய்க்குப் பூட்டு போட்டாச்சு அக்கா."

சாதிக்கின் வாய்ப்பூட்டை ஊரில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அது கிடக்கட்டும். மருந்துப் புட்டியில் கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட்டும், துணியில் முடிந்து கொஞ்சம் பாலீஷ் பசையும், மாவுபோல மென்மையான உப்புத்தாள் இரண்டும் கொடுத்தான். "உப்புத்தாளை சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு, கீறல் மேல மட்டும், பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரி தேயுங்க. அழுத்துனீங்க, அவ்வளவுதான், பள்ளம் விழுந்துடும். ஸ்பிரிட்டால துடைச்சுட்டு, பெயின்ட்ட மெல்லிசா வைங்க. காயட்டும். திரும்ப வைங்க. ஒரே தடவையில ரொப்பாதீங்க."

ஜன்னல் மேல் செருகியிருந்த தூரிகை இறங்கி வந்தது. சந்துக்குள் குந்தி உட்கார்ந்து, பெட்ரோல் நனைத்த துணியால் கதவின் பச்சையைத் துடைத்தெடுத்து, சொன்னபடியே எல்லாம் செய்தாள். பெயின்ட்டை வைத்துப் பார்த்தால் அது பால் வெள்ளை; வண்டியோ நாலைந்து வெயில் குடித்து மோர் வெள்ளையாகிவிட்டிருந்தது. தட்டுக்கு மெருகு கலக்கிய கை சும்மா இருக்குமா? ஊசி முனையால் மஞ்சள் வர்ணம் தொட்டு, புட்டி மூடியில் கலக்கி, வண்டியின் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி கலக்கினாள். மருமகள் முடி காயவைக்கிற மெஷினைப் பிடித்து உலர்த்திக் கொடுத்தாள். கடைசியில் இல்ஹாமின் பழைய பனியனால் பாலீஷ் போட்டுத் தேய்த்தபோது கதவு அவள் முகத்தைக் காட்டியது.

வியாழக்கிழமை அவர் கழுவினார். அவள் அடுப்படியில் நின்றுகொண்டு மூச்சு விடாமல் கேட்டாள். வாளி நகர்கிற சத்தம் சந்துப் பக்கம் வந்தது, நின்றது, மெல்ல நகர்ந்து போயிற்று. அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட வந்தார்.

இப்படிப் போயிற்று அந்தக் கோடைகாலம். தர்பூசணி வந்தபோது முன் மட்கார்டில் ஒரு சிராய்ப்பு. திராட்சை கனிந்தபோது பம்பர் மூலையில் ஒன்று. எல்லாம் வலப்பக்கம். தாஜினிசாவுக்குக் கை தேறிவிட்டது. எந்தக் கீறலுக்குப் பசை போதும், எதற்குத் தூரிகை வேண்டும் என்று தடவினாலே சொல்லிவிடுவாள். சாய்கானாவில் அவர் "கம்பெனி பெயின்ட்" என்று பீற்றிக்கொள்வதாகக் கேள்விப்படும்போது மட்டும் அவளுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது.

கண்ணைக் காட்டலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பெர்கானாவுல நல்ல கண் டாக்டர் இருக்காராம்ங்க. எனக்கும் தையல் ஊசி கோக்க முடியல, ரெண்டு பேரும் போய்ட்டு வரலாமா?"

"உனக்கு ஊசி கோக்க முடியலன்னா எனக்கு எதுக்கு டாக்டர்? கம்சிக்குல எறும்பு குறுக்க போனா நான் பிரேக் போடுவேன்."

நேரே பார்க்கிற எறும்பு அவருக்குத் தெரியும்தான். அதுதான் சங்கடம்.

நஃபோசத் நல்ல பெண். குவாவில் மாதுளைத் தோட்டம் வைத்திருக்கிற ஹக்பெர்தியின் பேத்தி. மாமியாரை எதிர்த்துப் பேசியதில்லை. ஒரு நாள் மெஷினைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, நீங்க வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறீங்க. சரி. அப்பாவுக்கு யாரு பார்க்கிறது?"

"சும்மா காத்தை நேராப் பிடி."

"பிடிக்கிறேன். ஆனா இதெல்லாம் வாசல் கதவாப் போச்சு. நாளைக்கு..." என்று நிறுத்தி, மீதியை முழுங்கிவிட்டாள்.

அவள் முழுங்கிய அந்த மீதி, பழுத்த சீத்தாப்பழம் போலத் தானாக விழுந்தது என்று சொல்லலாம் என்றால் எங்கள் ஊரில் சீத்தா கிடையாது. பேரிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நஃபோசத்துக்கு ஸெபோ என்று மூன்று வயதுப் பெண் குழந்தை. அதற்கு ஒரு சிவப்பு மூன்று சக்கர சைக்கிள், தகப்பன் சமாராவிலிருந்து யார் தலையிலோ கட்டி அனுப்பியது. ஒரு நாள் சாயங்காலம் குழந்தை வெளிக்கதவோரமாக, உள்பக்கத்தில், அதை ஓட்டிக்கொண்டிருந்தது. தந்தூர் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கிற வாசம் வந்ததும் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போயிற்று. தாஜினிசா தந்தூருக்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள். குழந்தை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "சூடா இருக்கிறது எனக்கு" என்றது. அந்த நேரம் வெளிக்கதவு கிறீச்சிட்டது. வண்டி உள்ளே வந்து நின்றது. அவர் இடப்பக்கமாக இறங்கி, கை கழுவப் போனார்.

கதவைச் சாத்தப் போன தாஜினிசா சைக்கிளைப் பார்த்தாள். பம்பர் மூலை அதைக் கதவுக் கம்பத்தோடு வைத்து நசுக்கிவிட்டிருந்தது. கைப்பிடி சக்கரத்துக்குள் போயிருந்தது. அவள் கையில் பிடித்திருந்த ரொட்டி சுட்டது, ஆனால் கீழே போடத் தோன்றவில்லை. உள்ளே குழந்தை ரொட்டியை ஊதி ஊதித் தின்கிற சத்தம் கேட்டது.

சைக்கிளை எடுத்து வைக்கோலுக்குப் பின்னால் போட்டாள். அன்று ராத்திரி அவள் தூங்கினாளா என்று நான் சொல்லத் தேவையில்லை. இத்தனை நாள் தான் துடைத்துத் துடைத்து அழித்ததெல்லாம் கீறல் இல்லை, அவருக்கு வந்துகொண்டிருந்த எச்சரிக்கை என்று அவளுக்கு விளங்கியது. ஒவ்வொன்றையும் அவர் பார்த்திருந்தால் அவரே எப்போதோ நிறுத்தியிருப்பார். மறைத்தது தன் கை. இனி மறைக்கக் கூடாது. விடிந்ததும் அவர் கையைப் பிடித்துச் சந்துக்குக் கூட்டிப் போய், அவர் விரலைக் கீறலில் வைத்து, "இதுங்க" என்று சொல்லிவிடுவது. அப்புறம் நடப்பது நடக்கட்டும். தகப்பனாரைப் போல அவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால், பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொள்வது.

விடியற்காலை அவர் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, துணியும் எடுக்காமல் புட்டியும் எடுக்காமல், வெறுங்கையோடு சந்துக்குள் போய் உட்கார்ந்தாள். பம்பர் மூலையில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு என்று அவர் சாய்கானாவுக்குப் போகவில்லை. நேரே திரும்பி வந்தார். சந்து வாயில் நின்றார்.

"அங்கதான் இருக்கியா?"

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு..."

"இரு. நான் முதல்ல பேசிடறேன். ரொம்ப நாளா மனசுல வச்சுக்கிட்டு இருக்கேன்." அவர் கையை நீட்டிப் பின்கதவைத் தடவினார். "இந்தப் பக்கம் முழுக்க வழவழன்னு கண்ணாடித் தட்டு மாதிரி இருக்கு. கம்பெனி பெயின்ட் இப்படி இருக்காது. அதுல ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடியா இருக்கும். முப்பது வருஷம் வண்டி கழுவின கை இது. முதல் வியாழக்கிழமையே தெரிஞ்சுபோச்சு."

அவள் பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சாதிக் சாய்கானாவுல சொல்லிட்டான். அண்ணே, உங்க வீட்டுல ரகசியமா டிரைவர் தயாராகுதுன்னு. எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வர வழியிலதான் சுருக்குன்னுது. நாப்பது வருஷம் என் வண்டியில மூட்டையோட மூட்டையா உட்கார்ந்து வந்தவ. ஓட்டணும்னு ஆசை இருந்தா ஒரு வார்த்தை கேட்கலாம்ல? கேட்கிறதுக்குப் பயந்து, திருட்டுத்தனமா ஓட்டி, இடிச்சு, விடியக்காலைல குந்திக்கிட்டுத் தேய்ச்சு... நான் அப்படிப்பட்ட ஆளா, இல்ஹாம்? உனக்கு நான் அப்படியா இருந்தேன்?"

தாஜினிசா வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாளோ, அதற்குள் அவர் குரல் மாறிவிட்டது.

"அது போகட்டும். நேத்து ராத்திரி பிள்ளை என் மடியில உட்கார்ந்து சைக்கிளக் காணோம்னு அழுதுது. தொழுகைக்குப் போறதுக்கு முன்னால மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போனவன் பார்த்தேன். அது எப்படி ஆச்சு? நேத்தும் நீ வண்டிய எடுத்தியா?"

முற்றத்தில் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. தாஜினிசா அவர் முகத்தைப் பார்த்தாள். 'நான் இல்லங்க, நீங்கதான்' என்று சொல்வதற்கு மூன்றே வார்த்தை. அந்த மூன்று வார்த்தையோடுதான் ராத்திரி முழுக்கப் படுத்திருந்தாள். அதைச் சொன்னால் இந்த மனுஷன் இனிமேல் தன் பேத்தியைக் கையால் தூக்கத் துணிவாரா?

"ஆமாங்க" என்றாள். "நான்தான்."

அப்போது அவர் கத்தினார் பாருங்கள்! நாற்பது வருஷத்தில் ஒரு நாள் அவளைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. "கண்ணு எங்கடி வச்சிருந்த? வலப்பக்கம் பார்க்க வேணாமா? பிள்ளை அதுல இருந்திருந்தா? சொல்லு, இருந்திருந்தா? வண்டிய உள்ள விடும்போது இறங்கிப் பார்க்கணும்னு கூடத் தெரியாதவளுக்கு ஸ்டியரிங் எதுக்கு?" நஃபோசத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள், மாமியார் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதையும், மாமனார் வைக்கோல் பக்கம் கையைக் காட்டிக் கத்துவதையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கப் போனவளைத் தாஜினிசா ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், அவள் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

"என் தப்புதாங்க" என்று தாஜினிசா சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் முக்காட்டை நனைத்தது. பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு வகையில் அவள் தப்புத்தானே அது.

கத்தி முடித்து அவர் வண்டியின் மேலேயே சாய்ந்து நின்றார். மூச்சு அடங்கிய பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எடை பார்க்கிற மாதிரி நின்றார்.

"பிடி."

"எனக்கு வேண்டாங்க..."

"பிடின்னா பிடி. லாரி டிப்போவுல ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான். ரெண்டு பேர் கை பட்டா வண்டி உருப்படாது. சாவி கை மாறிச்சுன்னா வண்டி கை மாறிச்சு, அப்புறம் பழைய ஆளு தொடமாட்டான். அதான் எங்க சட்டம். இனி இது உன் வண்டி. ஆனா நான் பக்கத்துல இல்லாம கதவைத் தாண்டக் கூடாது. நல்லா கத்துக்கிட்டு ஓட்டு. திருடி ஓட்டாதே."

அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். சாவியில் அவர் சூடு இருந்தது.

அறுவடை முடிந்த பருத்தி வயலில்தான் பாடம் நடந்தது. வாழ்நாளில் அவள் ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறாளே தவிரப் பிடித்ததில்லை. வண்டி முயலாகத் துள்ளி நின்றது. அவர் வலப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு இடப்பக்கம். நல்ல கண் இருக்கிற பக்கம்.

"இவ்வளவு நாள் திருட்டுத்தனமா ஓட்டியும் கிளட்ச் தெரியலயே உனக்கு!"

"நீங்க பக்கத்துல இருந்தா பயத்துல மறந்துபோகுதுங்க."

"கிளட்ச்ச விடு. மெல்ல. மெல்ல! வாய்க்கா வருது. இல்ஹாம்! இல்ஹாம், பிரேக்!"

அவள் "என்னங்க?" என்று வழக்கம்போல அவர் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தே பழகிய கழுத்து. வண்டி வாய்க்கால் கரையில் மூக்கை வைத்து நின்றது.

"இது சரிப்படாது" என்றார் அவர். "மகன் பேரச் சொன்னா நீ பொண்டாட்டியா திரும்பிப் பார்க்கிற. டிரைவர அவன் பேரச் சொல்லித்தான் கத்தணும், அதுவும் எங்க சட்டம்தான்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார், கல்யாணமான புதிதில் கனைத்த அதே கனைப்பு. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "ரிவர்ஸ் போடு... தாஜினிசா."

அவளுக்கு ரிவர்ஸ் எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிற்று.

பனிக்காலம் போனதும் அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பரீட்சை எழுதிய இடத்தில் எல்லாரும் அவளுக்குப் பேரப்பிள்ளை வயது. லைசென்ஸ் வந்தது போதாது, தூரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று சொல்லி அவரைப் பெர்கானாவுக்கு அழைத்துப் போனாள். வந்தது வந்தோம், ஊசி கோக்கிற என் கண்ணைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றாள். காட்டும்போது, "நீங்களும் சும்மா உட்கார்ந்துதானே இருக்கீங்க" என்றாள். டாக்டர் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போட வேண்டும், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றார்.

"நான் எங்க ஓட்டறேன்?" என்றார் அப்துமன்னான். "வெளியில நிக்குது பாருங்க, அது என் வீட்டுக்காரி வண்டி."

இப்போதும் அவள் கதவுக்குள் வண்டியை விடும்போது அவர் முன்னால் போய், ஸெபோவை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்று வழி காட்டுவார். "வா, வா, வலது, இன்னும் வலது, போதும்!" சமயத்தில் வலப்பக்கம் கம்பத்தில் கிறீச் என்று உரசிவிடும். அவளுக்குக் கண்ணாடியில் தெரியாமல் இல்லை. அவர் 'வா' என்று சொல்லும்போது வராமல் எப்படி நிற்பது?

"இத்தனை நாளாகியும் கதவு பழகல பாரு உனக்கு" என்பார்.

"நீங்க இல்லன்னா எனக்கு வராதுங்க" என்பாள்.

மறுநாள் காலையில் சந்துக்குள் இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். உப்புத்தாள் அவர் கையில். கண்ணை மூடிக்கொண்டே தேய்ப்பார். எங்கே போதும் என்று அவர் விரலுக்குத் தெரிகிற மாதிரி யார் கண்ணுக்கும் தெரியாது. தூரிகை அவள் கையில். சாதிக் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என் பிழைப்புல மண்ணைப் போடறீங்க" என்பான்.

"உன் பெயின்ட் சந்தைச் சுண்ணாம்புடா. கை வச்சுப் பாரு இதை. கம்பெனி பெயின்ட் தோத்துச்சு" என்பார் அவர். வெள்ளை காய்வதற்குள் அவள் எங்காவது எழுந்து போய்விட்டால், "தாஜினிசா!" என்று வெட்டிக் கூப்பிடுவார். முதலில் தெருவே திரும்பிப் பார்த்தது. இப்போது கோழிகள்கூடத் திரும்புவதில்லை.